மூன்று கணு

ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்றார் தவசியப்பன்,
அட்வான்ஸை எச்சில் தொட்டு
இரண்டாம் முறை எண்ணியபடி.

வில்லாபுரத்தில் இரண்டாவது மாடி.
மேற்குச் சுவரில் ஓதம்.
குடிவந்தபோது ஆட்டுக்குட்டி அளவு,
ஐப்பசி மழையில் எருமை.
காலண்டர் மாட்டி மறைக்கலாம்தான்.
ஆணி கூடாதே.

சிம்மக்கல்லில் நான் வேலைபார்க்கும் கூரியர் ஆபீஸில்
ஏசி சொட்டும் தண்ணீரைக் குடித்தே
ஜன்னல் கம்பி ஏறிய மணி பிளான்ட் ஒன்று.
கேட்டு வாங்கினால் தங்காது,
திருடினால்தான் செழிக்கும் என்றாள் பார்சல் ஒட்டும் ஆக்னஸ்.
சொல்லிவிட்டு
டேப் அறுக்கும் பிளேடை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மூன்று கணு.
டிபன் பாக்ஸில் படுத்து
ஷேர் ஆட்டோவில் வந்தது.

பன்னீர் சோடா பாட்டிலில் போர் தண்ணீர் ஊற்றினேன்.
கண்ணாடியில் உப்புக்கோடு,
இலை நுனியில் கருகல்.
அப்புறம் நாலு நாளைக்கொருமுறை வரும் வைகைத் தண்ணியில்
எங்களுக்கு மூன்று குடம், அதற்கு ஒரு டம்ளர்.
"காய்க்கட்டும், வண்டி டியூ கட்டிரலாம்"
என்று சிரித்தான் ஜெயசீலன்.
ஒன்பதாம் நாள் கணுவில்
பால்பல் மாதிரி வெள்ளையாய் ஒரு முனை.

செலோ டேப் நிற்கவில்லை,
டிஸ்டெம்பர் பொடியோடு உதிர்ந்தது.
வாழைநாரைக் கிழித்து
ஜன்னலிலிருந்து ஸ்விட்ச் போர்டு வரை கட்டிவிட்டேன்.
அது நாரை விட்டு இறங்கி
தானே போய் ஓதத்தைப் பிடித்தது.
எங்களுக்குச் சுவரின் நோய்.
அதற்குச் சோறு.

பங்குனிக்குள் எருமை இலைக்குள் போய்விட்டது.
ஒரு காது மட்டும் வெளியே.
ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பனியனை நனைத்து
இலை இலையாகத் துடைப்பேன்.
சீரியல் பல்பு சுற்றினேன்.
வீடியோ காலில் போனை அந்தச் சுவருக்கு மட்டும் காட்டுவேன்.
"ரிசார்ட் மாதிரி இருக்குடி" என்றாள் துபாய் நாத்தனார்.
சிங்க்கில் மூன்று நாள் பாத்திரம்.

மீட்டர் எழுத வந்த பவளக்கொடி,
தவசியப்பனின் மருமகள்,
எழுதி முடித்தும் போகவில்லை.
"எங்க வச்சாலும் வருமாக்கா?"
"வரும்."
அவளும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.
கொடுத்தால் தங்காதே.

மறுநாள்
வேர்விட்ட கிளை ஒன்றை வேறு பாட்டிலில் போட்டு
வெயில் காட்டுவதுபோல் மாடிப்படித் திருப்பத்தில் வைத்தேன்.
பக்கத்தில் மறந்தாற்போல் ஒரு பிளேடு.
கதவைச் சாத்திக்கொண்டு மிக்ஸியை ஓடவிட்டேன்.
உள்ளே எதுவும் இல்லை, வெறும் ஜார்.
நிறுத்திவிட்டு எடுக்கப் போனால்
மூன்று கணு குறைந்திருந்தது.
சாய்வான, நல்ல வெட்டு.

வாடகை ஏறிய வருடம் காலி செய்தோம்.
கொடியை உரிக்க உரிக்க
பெயின்ட் கூடவே வந்தது.
சுவரெங்கும் பூரான் நடந்த தடம்.
"நாலாயிரம் பிடிச்சுக்கிறேன்" என்றார் தவசியப்பன்.
"ஓதம்?"
"அது மழை பண்ணது. கொடி நீங்க பண்ணது."

கீழே அடுப்படி ஜன்னலில்
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இரண்டு இலை,
மூன்றாவது பஸ் டிக்கெட்டாய்ச் சுருண்டு.
நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.
"மருமக வச்சது. ராசியான கை.
வச்சதிலிருந்து வீட்டுக்குக் காசு வருது."
பவளக்கொடி குனிந்து
கால்மெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள், வெகுநேரம்.

டாடா ஏஸில் முன்சீட்டில்
ஈரச்சேலைபோல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

திருநகர் வீட்டுக்காரர் தங்கமானவர்.
"எத்தனை ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கங்க."
ஜெயசீலன் அடித்துத் தள்ளுகிறான்.
சுவர் ஓட்டாய்க் காய்ந்து கிடக்கிறது.
கொடியை ஏற்றிவிடுகிறேன்,
கொஞ்சம் நின்று பார்க்கிறது,
தரைக்கே இறங்கிவிடுகிறது.